நின்ற லாரியில் பைக் மோதியது, எஃப்.ஐ.ஆர். இறந்தவர் மேலேயே: லாரிக்காரர் பொறுப்பை எப்படி நிரூபிப்பது?

வைகைக்கரை:
சட்ட உதவி மையத்துக்கு வந்திருக்கும் ஒரு விபத்து. விவரம் சுருக்கமாக:

நான்கு வழிச்சாலை, இரவு 10.30. தெருவிளக்கு இல்லாத இடம். இடது பக்கம் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக் மோதியது. ஓட்டியவர் வயது 34, சென்ட்ரிங் வேலை, அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு வலது தொடை எலும்பு முறிவு. லாரி டிரைவர் கொடுத்த புகாரில்தான் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறது. அதில், "லாரியை ஓரமாக, பாதி மண்ணில் இறக்கி நிறுத்தியிருந்தேன், பைக்கை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதினார்" என்று இருக்கிறது. அதனால் குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துபோன கணவர். மனைவி சொல்வது, லாரியில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

விபத்து நடந்து 40 நாள் ஆகிறது. "எஃப்.ஐ.ஆர். உங்கள் வீட்டுக்காரர் மேலேயே இருக்கிறது, கேஸ் நிற்காது" என்று பலரும் சொல்லி அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனு) போட்டால் நிற்குமா?

க்ளெய்ம்ஸ்மேசை:
இன்சூரன்ஸ் தரப்பு எப்படிப் பார்க்கும் என்று முதலில் சொல்கிறேன், அதற்கு ஏற்பத் தயாராகலாம். பின்னால் மோதிய கேஸ் என்றால் கவுண்டரில் (எதிர்த்தரப்பின் பதில் மனுவில்) இவை கட்டாயம் வரும்.

முன்னால் இருக்கும் வாகனத்துக்கும் தனக்கும் போதிய இடைவெளி விட்டு ஓட்டுவது பின்னால் வருபவரின் கடமை. லாரியைப் பின்தொடர்ந்த கார் அதன் பின்புறம் மோதிய வழக்கில், இடைவெளி விடாத கார் டிரைவர் மேல்தான் தவறு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டையே மறுத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை எடுத்து வைப்பார்கள்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். அதற்கடுத்து ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். அதில் டூட்டி டாக்டர் "பைக்கிலிருந்து தானாக விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியை வைத்தே லாரிக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்பார்கள். பிறகு லைசென்ஸ், ஹெல்மெட், மது வாசனை.

ஏட்டுச்சுரை:
எது எப்படி இருந்தாலும் பின்னால் மோதினவர் பேரில்தானே தப்பு? நின்றுகொண்டிருக்கும் வண்டி என்ன செய்யும்?

கருப்புக்கோட்டு:
ஏட்டுச்சுரை அண்ணே, அந்த எண்ணத்தால்தான் பல குடும்பங்கள் மனுவே போடாமல் விட்டுவிடுகின்றன. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கும் கடமை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 122, மற்றவர்களுக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்தி விட்டுப்போவதைத் தடுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 109, சாலையில் நிற்கும்போதும் பார்க்கிங் விளக்கு எரிய வேண்டும் என்கிறது. நின்ற வண்டி "பயன்பாட்டில்" இல்லை என்ற வாதமும் எடுபடாது. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் வெடித்த வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. வண்டி ஓடாமல் கிடந்தாலும் அது பயன்பாடுதான்.

விளக்கில்லாமல் நடுரோட்டில் விட்டுப்போன லாரி, டேங்கர் வழக்குகளில் 2018-இலும் 2024-இலும் உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்பையும் நின்ற வண்டி மேலேயே வைத்திருக்கிறது. க்ளெய்ம்ஸ்மேசை சொன்ன 2018 தீர்ப்பு, முன்னால் ஓடிக்கொண்டிருந்த லாரியைப் பற்றியது. இருட்டில் நின்ற லாரிக்கு அது பொருந்தாது என்பதைத் தெளிவாக எடுத்து வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர். விஷயம். அது ஒரு தரப்பின் முதல் தகவல், அவ்வளவுதான். இங்கே அதைக் கொடுத்தவர் எதிர்த்தரப்பு டிரைவர். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் போலீஸ் வழக்கை அத்தோடு முடித்துவிடுவார்கள். அதாவது அந்தப் புகாரை எந்த நீதிமன்றத்திலும் யாரும் குறுக்கு விசாரணை செய்திருக்க மாட்டார்கள். மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் இதை வெளிப்படையாகச் சொல்லி வாதாட வேண்டும். தீர்ப்பாயம் தனியாகச் சாட்சியம் எடுத்து முடிவு செய்யும் இடம். அங்கே தேவைப்படும் அளவு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதுதான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது கிரிமினல் வழக்கில்.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பஸ் விபத்து வழக்கில் 1980-இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் இதை அழுத்தமாகச் சொன்னார். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் நஷ்டஈட்டுக்கு அது தடையில்லை, சூழ்நிலையிலிருந்தே பொறுப்பை ஊகிக்கலாம் என்று.

ஆகவே கேஸ் நிற்கும். ஆனால் எஃப்.ஐ.ஆரைத் தாண்டிப்போக வேறு ஆதாரம் வேண்டும், 40 நாள் போய்விட்டது. வைகைக்கரை, போலீஸ் போட்ட சம்பவ இட வரைபடமான ரஃப் ஸ்கெட்சும், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டும் கையில் இருக்கிறதா?

வைகைக்கரை:
இருக்கிறது சார். ஸ்கெட்சில் மோதிய இடத்தைக் குறித்திருக்கிறார்கள். லாரியின் வலது பின்முனை, சாலையோர வெள்ளைக் கோட்டிலிருந்து உள்ளே 1.1 மீட்டர். ஓரத்தில் தார் போட்ட ஷோல்டர் 1.5 மீட்டர். பிரேக் தடம் பற்றி ஒன்றும் இல்லை. எம்.வி.ஐ. ரிப்போர்ட்டில் இரண்டு வண்டிக்கும் ஒரே வரி: "விபத்து இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல".

பழைய_எம்விஐ:
அந்த 1.1 மீட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த இழையிலேயே பெரிய ஆதாரம் அதுதான்.

லாரியின் அகலம் சுமார் 2.5 மீட்டர். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, அதாவது வண்டிகள் ஓடும் பாதையில், 1.1 மீட்டர் இருந்தால் கோட்டுக்கு வெளியே மீதி 1.4 மீட்டர். ஷோல்டர் 1.5 மீட்டர். அப்படியானால் லாரியின் இடது சக்கரம்கூடத் தார் ஓரத்தைத் தாண்டவில்லை. "பாதி மண்ணில் இறக்கி நிறுத்தியிருந்தேன்" என்ற புகாரைப் போலீஸ் போட்ட ஸ்கெட்சே பொய்யாக்குகிறது. 3.5 மீட்டர் அகலமுள்ள இடது லேனில் மூன்றில் ஒரு பங்கை லாரி அடைத்து நின்றிருக்கிறது. ஆர்.சி.யில் லாரியின் மாடலைப் பார்த்து சரியான அகலத்தை எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், 2.5 என்பது பொதுவான அளவு.

எம்.வி.ஐ. ரிப்போர்ட்டில் அந்த ஒற்றை வரியோடு நின்றுவிடாதீர்கள். பிரேக், ஸ்டியரிங் கோளாறால் விபத்து நடக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். விளக்கு எரிந்ததா என்பதற்கு அது பதிலே இல்லை. சேதப் பட்டியலைப் படியுங்கள். நான் பார்க்கச் சொல்வது இவை:

பின்விளக்கு இரண்டும் இருந்தனவா, உடைந்தது எந்தப் பக்கம்? பைக் மோதாத பக்கத்து விளக்கும் இல்லை அல்லது எரியவில்லை என்று இருந்தால் அது விபத்துக்கு முன்பே உள்ள குறை. ஒளி திருப்பும் பட்டை விதி 104-இன்படி பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். சேறு படிந்து, கிழிந்து, தார்ப்பாய் மூடி இருந்தால் போட்டோவில் தெரியும். பின்னால் கீழ்த்தடுப்புக் கம்பி இருந்ததா? அது இல்லாவிட்டாலோ வளைந்து மேலே தூக்கியிருந்தாலோ பைக் லாரிக்கு அடியில் போய்விடும். ஓட்டியவரின் நெஞ்சும் தலையும் லாரியின் பாடியில் மோதும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் காயம் இருக்கும் இடத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். எச்சரிக்கை முக்கோணப் பலகை வண்டியிலேயே இல்லை என்றால் அதைச் சாலையில் வைத்திருக்க முடியாது, அதுவும் கேட்க வேண்டிய கேள்வி.

பழைய மாதிரி பல்பு விளக்கு என்றால் இன்னொன்று. மோதும் நேரத்தில் எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் நீண்டு வளைந்திருக்கும். எரியாத பல்பின் இழை அப்படியே இருக்கும், அல்லது சட்டென்று ஒடிந்திருக்கும். லாரியை இந்நேரம் ஜாமீனில் விட்டிருப்பார்கள், பல்பையும் மாற்றியிருப்பார்கள். இனி அது கிடைக்காது. அடுத்த கேஸில் முதல் வாரமே கேளுங்கள்.

க்ளெய்ம்ஸ்மேசை:
நல்ல கணக்கு சார், ஆனால் எதிர்க்கேள்வி வரும். ஹெட்லைட் இருக்கிறதே, 1.1 மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் பார்த்து விலக வேண்டியதுதானே, மீதி 2.4 மீட்டர் காலியாக இருந்ததே?

பழைய_எம்விஐ:
வரட்டும், பதில் இருக்கிறது. நம் நாட்டுச் சாலை வடிவமைப்புத் தரத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பார்த்து, உணர்ந்து, நிறுத்த 80 மீட்டர் தேவை என்று வைத்திருக்கிறார்கள். 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். உணர்வதற்கு 2.5 நொடி, அதிலேயே 42 மீட்டர் போய்விடும். பைக்கின் டிம் லைட்டில் இருண்ட பொருள் தெரிவது ஏறக்குறைய அந்த 42 மீட்டர் தூரத்தில்தான். ஒளிப் பட்டையும் பார்க்கிங் விளக்கும் சட்டத்தில் இருப்பதே அந்த மீதித் தூரத்தை ஈடுகட்டத்தான்.

அதோடு எதிர்ப்புறம் வந்த வண்டியின் ஹை பீம் கண்ணைக் கூசியதா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். நாமாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அவர் பார்த்தது மட்டும்.

இருந்தாலும் நீங்கள் சொல்வதை முழுதாகத் தள்ள மாட்டேன். தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்ட வேண்டும் என்ற வாதத்துக்குத் தீர்ப்பாயங்களில் மதிப்பு உண்டு. கொஞ்சம் பங்கு இறந்தவர் மேல் விழ வாய்ப்பிருக்கிறது.

கருப்புக்கோட்டு:
அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது. மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்தால், உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி 40 வயதுக்குக் கீழே சுயதொழிலுக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் கூட்டி 21,000. சார்ந்திருப்போர் நான்கு பேர் என்றால் இறந்தவரின் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 15,750. வருடத்துக்கு 1,89,000. உச்ச நீதிமன்றத்தின் சர்லா வர்மா தீர்ப்பு அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்கு வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 16. மொத்தம் 30,24,000. இறந்தவர் மேல் 20 சதவீதம் போட்டால் 6,04,800 போகும். 50 சதவீதம் போட்டால் 15,12,000 போகும். இந்த 1.1 மீட்டருக்கு இவ்வளவு மதிப்பு.

கோவையில் 2017-இல் நடந்த விபத்து ஒன்றில் 2025 ஜூலையில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படியுங்கள். நெடுஞ்சாலையில் முன்னால் போன கார், கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் என்று திடீரென்று பிரேக் அடித்தது. பின்னால் வந்த கல்லூரி மாணவரின் பைக் மோதி அவர் விழ, பின்னால் வந்த பஸ் ஏறி இடது காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. தீர்ப்பாயம் காரை விட்டே விட்டது. உயர் நீதிமன்றம் காருக்கு 40, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 30 என்றது. உச்ச நீதிமன்றம் காருக்கு 50, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20 என்று மாற்றியது. நெடுஞ்சாலையில் நிறுத்த வேண்டியிருந்தால் பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை கொடுப்பது டிரைவரின் கடமை என்பதுதான் அதன் சாரம். பின்னால் மோதியவர் என்பதாலேயே எல்லாம் அவர் தலையில் விழாது என்பதற்கு இது நல்ல துணை. மாணவர் இடைவெளி விடவில்லை, லைசென்ஸும் இல்லை, அப்படியும் 20-க்கு மேல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தென்றல்90:
மோட்டார் வாகனச் சட்டம் 163-ஏ பிரிவில் போட்டால் கவனக்குறைவையே நிரூபிக்க வேண்டாமே? ஏன் இவ்வளவு சிரமம்?

கருப்புக்கோட்டு:
163-ஏ இப்போது இல்லை. 1.4.2022 முதல் அதன் இடத்தில் பிரிவு 164. தவறு யாருடையது என்று காட்டத் தேவையில்லை, மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிவு 149 நடைமுறையில் இன்சூரன்ஸ் கம்பெனி தரும் 164 தொகையை ஏற்றுக்கொண்டால் கவனக்குறைவைக் காட்டி முழு நஷ்டஈடு கேட்கும் பிரிவு 166 மனு அற்றுப்போகும். 30 லட்சம் கேட்க வழியிருக்கும் குடும்பத்திடம் யாராவது 5 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்க வந்தால், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எம்சிஓபி_குமாஸ்தா:
காகித வேலை என் பங்கு. 40-ஆவது நாள் என்பதால் வரிசையைக் கவனியுங்கள்.

2022 மோட்டார் வாகன விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை தர வேண்டும். இடைக்கால அறிக்கைக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது. நாளைக்கே இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், நகலை எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனைவியின் வாக்குமூலம் பதிவாகவில்லை என்றால் அதைப் பதிவு செய்யக் கேளுங்கள். ஸ்கெட்சின் 1.1 மீட்டரைச் சுட்டிக்காட்டி லாரி டிரைவர் மேல் பி.என்.எஸ். (பாரதிய நியாய சம்ஹிதை) 106(1), 125, 285 பிரிவுகளில் விசாரிக்கக் கேளுங்கள். நடவடிக்கை வராவிட்டாலும் அந்த மனுவும் தபால் ரசீதும் தீர்ப்பாயத்தில் ஆவணமாகும். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி.

போலீஸ் சம்பவ இடத்தில் விபத்து விவரம் பதியும் ஐ-ராடு செயலியில் போட்டோ ஏற்றுவார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸும் என்.ஐ.சி.யும் உருவாக்கிய செயலி அது. அந்தப் படங்களைக் கேளுங்கள். லாரியின் பின்புறம், வெள்ளைக் கோடு இரண்டும் ஒரே படத்தில் விழுந்திருந்தால் ஸ்கெட்சை யாரும் மறுக்க முடியாது. பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), ஸ்கெட்ச் எல்லாம் காவல்துறை இணையச் சேவையிலும் பணம் கட்டி எடுக்கலாம்.

சிசிடிவி, டோல் கேமரா எல்லாம் சில வாரத்தில் அழிந்துவிடும். 40 நாளில் பெரும்பாலும் போயிருக்கும். பக்கத்தில் டீக்கடை, பெட்ரோல் பங்க் இருந்தால் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கிடைத்தால் 1.7.2024-க்குப் பிறகான சட்டப்படி பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி, கேமரா வைத்திருப்பவர் ஒன்றும் நிபுணர் ஒன்றும் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் குறிக்க வேண்டும். பென் டிரைவில் மட்டும் கொண்டுவந்து கொடுத்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

மனு ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், பிரிவு 166(3). அந்த வரம்பு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அதுவரை தாமதத்தை மட்டும் காரணம் காட்டித் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் இருக்கிறது. இருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த இடம் தூரம் என்றால் குடும்பம் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

கருப்புக்கோட்டு:
குமாஸ்தா அண்ணன் விட்டுவிட்ட ஒன்று. மனு ஒன்று இல்லை, இரண்டு.

கணவர் இறந்ததற்கு மனைவி, பிள்ளைகள், மாமியார் சேர்ந்து ஒரு மனு. மனைவியின் தொடை முறிவுக்குத் தனி மனு. இரண்டையும் கூட்டு விசாரணை கேட்கலாம், ஆனால் பொறுப்புக் கணக்கு இரண்டிலும் ஒன்றில்லை. முதல் மனுவில் கணவரின் பங்கு எவ்வளவோ அவ்வளவு கழியும். இரண்டாவதில் ஒரு ரூபாய்கூடக் கழியக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் வண்டி ஓட்டவில்லை. அவரைப் பொறுத்தவரை கணவர், லாரி டிரைவர் இருவருடைய கவனக்குறைவும் சேர்ந்து அவரைக் காயப்படுத்தியிருக்கிறது. இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத் தொகையும் கேட்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. கணவர் மேல் 30 சதவீதம் போட்டுவிட்டு அதையே மனைவியின் மனுவிலும் கழிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அப்படி வந்தால் பிரிவு 173-இல் 90 நாளுக்குள் மேல்முறையீடு.

பைக்கின் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் பின்னால் இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை, பேக்கேஜ் பாலிசி என்றால் உண்டு. பைக் கணவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்து, கட்டாய விபத்துக் காப்பு எடுத்திருந்தால் 15 லட்சம் தனி. தவறு யாருடையது என்று அதற்குப் பார்ப்பதில்லை.

வைகைக்கரை:
கணவருக்கு லைசென்ஸ் காலாவதி. பைக் பாலிசி தேர்டு பார்ட்டி மட்டும். ஏ.ஆர். காப்பியில் "நின்ற லாரி மீது மோதி" என்று இருக்கிறது, மது பற்றி எதுவும் இல்லை.

க்ளெய்ம்ஸ்மேசை:
அப்படியானால் 15 லட்சம் கிடைப்பது கடினம். ஆனால் லாரி மீதான மனுவில் லைசென்ஸ் காலாவதி என்பதை மட்டும் வைத்துக் கழிக்க முடியாது. லைசென்ஸ் இல்லாததற்கும் விபத்துக்கும் காரணத் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்பது 2008-லிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஹெல்மெட்டும் அப்படித்தான், தலைக்காயத்தால் மரணம் என்றால்தான் அந்தப் பேச்சுக்கு இடம். ஏ.ஆர். காப்பி உங்களுக்குச் சாதகம், பத்திரமாக வையுங்கள்.

லாரி பக்கம் டிரைவர் லைசென்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட் மூன்றையும் கேளுங்கள். அதில் குறை இருந்து கம்பெனி கைவிரித்தாலும், முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். லாரி கைமாறியிருந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைச் சேர்க்காமல் விடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அவர்தான்.

இன்னொரு வேண்டுகோள். தயவுசெய்து "நேரில் பார்த்தவர்" என்று யாரையும் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். போலீஸ் ஆவணம் எதிலும் பெயர் இல்லாத, ஆறு மாதம் கழித்து முளைக்கும் சாட்சியை எங்கள் தரப்பு விசாரித்துவிடும். அவர் உடைந்தால் ஸ்கெட்சின் மதிப்பும் போய்விடும்.

கருப்புக்கோட்டு:
முழுக்க ஒப்புக்கொள்கிறேன். தேவையும் இல்லை. பைக்கில் இருந்த மனைவியை விட நேரில் பார்த்தவர் யார்? அவரை பி.டபிள்யூ.1 ஆக, அதாவது மனுதாரர் தரப்பின் முதல் சாட்சியாக ஏற்றுங்கள். சம்பவ இடத்துக்குப் போய் ஸ்கெட்ச் போட்ட காவல் அதிகாரிக்கும் எம்.வி.ஐ.க்கும் சம்மன் எடுங்கள். அதிகாரியிடம் கேட்க வேண்டியது மூன்றே மூன்று: 1.1 மீட்டரை டேப் வைத்து அளந்தீர்களா, லாரியின் இடது சக்கரம் தாரில் இருந்ததா மண்ணிலா, நீங்கள் போனபோது எந்த விளக்காவது எரிந்ததா. எம்.வி.ஐ.யிடம்: பின்விளக்கு வேலை செய்கிறதா என்று சோதித்தீர்களா, சோதித்தால் ஏன் ரிப்போர்ட்டில் இல்லை.

லாரி டிரைவரை எதிர்த்தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றாவிட்டால் அதை வாதத்தில் அழுத்திச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்.

வைகைக்கரை:
அந்த அம்மா வாக்கரோடு நடக்கிறார், கோர்ட் வர இரண்டு மாதமாவது ஆகும். மனுவை இப்போதே போட்டுவிடலாமா, நடக்க ஆரம்பித்த பிறகு போடலாமா?

எம்சிஓபி_குமாஸ்தா:
இப்போதே போடுங்கள். மனுவில் கையெழுத்தும் வக்காலத்தும் வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். நோட்டீஸ் போய், கவுண்டர் வந்து, சாட்சியத்துக்கு வரும்போது அவர் நடக்க ஆரம்பித்திருப்பார். அவருடைய மனுவில் ஊனச் சதவீதத்தை இப்போது எழுதிவிடாதீர்கள், எலும்பு கூடிய பிறகு மெடிக்கல் போர்டு பார்க்கட்டும். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், ஆட்டோவுக்குக் கொடுத்த ரசீது வரை தேதிவாரியாக ஒரு கவரில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் கணவரின் தினக்கூலி பற்றி எழுத்தில் வாங்குங்கள், அவரையும் சாட்சியாக அழைக்க வேண்டியிருக்கும்.